நாடு எங்கே முடிகிறது? அரசியல் புவியியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பிர் தாவில் என்றொரு பாலைநிலம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2,060 சதுர கிலோமீட்டர். அதை எகிப்து தன்னுடையது என்று சொல்வதில்லை. சூடானும் சொல்வதில்லை. ஒரு பாறைத்திட்டுக்காகக்கூடப் போர்க்கப்பலை அனுப்பும் உலகத்தில், இவ்வளவு பெரிய நிலம் கேட்பாரற்றுக் கிடப்பது எப்படி?

காரணம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கடலை ஒட்டிய ஹலாயிப் முக்கோணம் பிர் தாவிலைப்போல் சுமார் பத்து மடங்கு பெரியது, கடற்கரையும் உடையது. 1899இல் பிரிட்டனும் எகிப்தும் செய்த ஒப்பந்தம் 22ஆம் அட்சக்கோட்டை எல்லையாக வைத்தது. அதன்படி ஹலாயிப் எகிப்துக்கு, பிர் தாவில் சூடானுக்கு. மூன்று ஆண்டுகள் கழித்து, அங்கே ஆடுமாடு மேய்க்கும் குழுக்களின் போக்குவரத்தைக் கருதி, நிர்வாகத்துக்காக வேறொரு கோடு போடப்பட்டது. அதன்படி எல்லாம் தலைகீழ். இன்று ஹலாயிப் இரண்டு நாடுகளுக்குமே வேண்டும். ஆகவே எகிப்து 1899ஆம் ஆண்டின் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சூடான் 1902ஆம் ஆண்டின் கோட்டை. பிர் தாவிலைக் கேட்கும் நாடு ஹலாயிப்பின் மீதான தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். அதனால் இருவருமே வாய் திறப்பதில்லை.

நிலம், அதன்மேல் விழும் கோடு, அந்தக் கோட்டுக்காக வாதாடும் அதிகாரம் ஆகிய மூன்றும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பள்ளி வரைபடத்தில் இவை மூன்றும் ஒரே நிறப்பூச்சில் கலந்துவிடுகின்றன. அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கும் துறைதான் அரசியல் புவியியல். அதிகாரம் இடத்தை எப்படிப் பங்கிடுகிறது, அந்தப் பங்கீடு திரும்ப அதிகாரத்தை எப்படி வளைக்கிறது என்பதே அதன் மையக் கேள்வி.

அரசும் தேசிய இனமும்

முதலில் பிரித்து அறியவேண்டியவை அரசு, தேசிய இனம் என்ற இரண்டும்தான். இவற்றைக் குழப்பிக்கொண்டால் பின்னால் வருவது எதுவும் தெளிவாகாது.

அரசு என்பது சட்டப்படியான அமைப்பு. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை 1933இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை நான்காகச் சொன்னது: நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட ஆட்சிப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். இன்றும் எந்தப் பாடநூலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நடைமுறை இவ்வளவு நேர்த்தியானதல்ல. 1991இல் சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்த சோமாலிலாந்துக்குத் தனி நாணயம் உண்டு, காவல்துறை உண்டு, தேர்தல்கள் நடந்திருக்கின்றன. ஆனால் உலகின் பெரும்பாலான நாடுகள் அதை ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பினர்களில் அது இல்லை. சோமாலியாவோ, தலைநகரையே கட்டுப்படுத்த முடியாமல் தவித்த ஆண்டுகளிலும் உறுப்பு நாடாகவே இருந்தது. நான்கு தகுதிகளும் இருந்தாலும், மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் கதவு திறப்பதில்லை. ஏற்பு கிடைத்துவிட்டால் தகுதிகள் சில தேய்ந்தாலும் கதவு மூடுவதில்லை.

தேசிய இனம் என்பது வேறு வகையானது. மொழியோ, வரலாறோ, சமயமோ, பட்ட துன்பமோ ஏதோ ஒன்றின் அடிப்படையில் ‘நாம் ஒரே மக்கள்’ என்று தங்களைக் கருதிக்கொள்ளும் பெருந்திரள் அது. தன்னைத் தானே ஆளவேண்டும் என்ற விருப்பமும் அதோடு சேர்ந்திருக்கும். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பரவி வாழும் குர்துகள் இதற்கு எப்போதும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. முதல் உலகப் போருக்குப் பின் 1920ஆம் ஆண்டின் செவ்ர் ஒப்பந்தம் அவர்களுக்குத் தன்னாட்சிக்கும், பின்னர் தனி நாட்டுக்கும் வழி காட்டியது. 1923ஆம் ஆண்டின் லோசான் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இல்லை. தேசிய இனம் அப்படியே இருக்கிறது, அரசு கிடைக்கவில்லை.

ஓர் அரசின் எல்லையும் ஒரு தேசிய இனம் வாழும் பரப்பும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் அதைத் தேச அரசு என்கிறோம். ஐஸ்லாந்து அதற்கு ஓரளவு நெருங்கி வரும். முழுமையாகப் பொருந்தும் நாடு என்று ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனாலும் ஏறக்குறைய எல்லா அரசுகளும் தங்களைத் தேச அரசுகளாகவே காட்டிக்கொள்கின்றன. கொடியும் தேசியகீதமும் வரலாற்றுப் பாடமும் அந்த இடைவெளியை மூடும் வேலையைத்தான் செய்கின்றன. அந்த வேலை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில் அது வெற்றியும் பெற்றிருக்கிறது. இயற்கையாக நடப்பதல்ல, செய்யப்படுவது என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இறையாண்மையும் ஒரு கண்ணியும்

ஆட்சிப்பரப்புக்குள் இறுதி முடிவு எடுக்கும் உரிமை ஒரே ஓர் அதிகாரத்துக்கு உண்டு, வெளியார் அதில் தலையிடக்கூடாது என்பது இறையாண்மை. இதன் பிறப்பை 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகளில் வைப்பது வழக்கம். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த அந்த ஆவணங்கள் பெரும்பாலும் ஜெர்மானியச் சிற்றரசர்களின் உரிமைகளையும் சமயச் சிக்கல்களையும் பற்றியவை. இன்றைய இறையாண்மைக் கோட்பாட்டைப் பிற்காலத்தவர்தான் அதில் ஏற்றிப் படித்தார்கள். ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம், மந்திரம்போல ஓதவேண்டியதில்லை.

புவியியலாளர் ஜான் அக்னியூ 1994இல் ‘ஆட்சிப்பரப்புக் கண்ணி’ என்று ஒன்றைச் சொன்னார். உலகைப் பற்றி யோசிக்கும்போது நாம் மூன்று விஷயங்களைக் கேள்வி கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். அரசின் அதிகாரம் எல்லைக்கோடு வரை சீராகப் பரவியிருக்கிறது என்று நினைக்கிறோம். உள்நாட்டு விவகாரமும் வெளிநாட்டு விவகாரமும் தனித்தனி என்று நினைக்கிறோம். சமுதாயம் என்பது நாட்டு எல்லைக்குள் அடைபட்ட ஒன்று என்று நினைக்கிறோம். மூன்றுமே சில இடங்களில், சில காலங்களில் மட்டும் உண்மை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துச் செல்ல முடியுமென்றால், இதைத்தான் பரிந்துரைப்பேன். மற்றவை எல்லாம் இந்தக் கண்ணியிலிருந்து வெளியே வருவதற்கான பயிற்சிகள்.

எல்லை: இந்தத் துறையின் இதயம்

பழைய பேரரசுகளுக்குக் கோடு போன்ற எல்லை கிடையாது. தலைநகரிலிருந்து விலக விலக அரசனின் கை தளரும். எங்கோ ஓரிடத்தில் வரி வசூலிக்கப் போன ஆள் திரும்பி வரமாட்டான். அந்த வட்டாரத்தோடு ஆட்சி முடிந்தது என்று பொருள். அத்தகைய அகலமான, மங்கலான பகுதியை எல்லைப்புறம் என்கிறோம். எல்லைக்கோடு என்பது அகலமே இல்லாதது. அது தரைமேல் மட்டும் ஓடுவதுமில்லை. கீழே கனிமத்தையும் மேலே வான்வெளியையும் சேர்த்து வெட்டும் செங்குத்தான தளம் அது. தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் ஒவ்வோர் அரசுக்கும் முழு இறையாண்மை உண்டு என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்தது.

ஓர் எல்லை எப்படிப் பிறக்கிறது என்பதைப் புவியியலாளர் ஸ்டீஃபன் ஜோன்ஸ் 1945இல் நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முதலில் எந்த வட்டாரம் யாருக்கு என்ற பேரம். அடுத்து, ஒப்பந்தத்தில் கோட்டைச் சொற்களாலும் வரைபடத்தாலும் வரையறுத்தல். பிறகு தரையில் கல் நட்டு, வேலி போட்டுக் குறித்தல். கடைசியாக, அன்றாடம் அதைப் பராமரித்தல். முதலிரண்டும் மேசைமேல் நடப்பவை. சண்டை பெரும்பாலும் மூன்றாவதில் வெடிக்கிறது. ‘மலை முகடு வழியாக’ என்று எழுதிவிடுவது எளிது. கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் பார்த்தால் அங்கே இரண்டு முகடுகள் இருக்கும்.

இயற்கை எல்லை என்ற எண்ணத்தை இங்கேயே கேள்விக்கு உட்படுத்திவிடலாம். ஆறும் மலையும் கடவுள் போட்ட கோடுகள், மனிதர் போட்டவை மட்டுமே செயற்கை என்று பலர் நம்புகிறார்கள். ஆறு நகரக்கூடியது. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆற்றை 1848இல் எல்லையாக வைத்தார்கள். 1860களில் வெள்ளத்தால் அது தெற்கே நகர்ந்தது; மெக்சிகோவின் சமிசால் என்ற நிலப்பகுதி ஆற்றின் அமெரிக்கக் கரையில் போய்ச் சேர்ந்தது. அந்த வழக்கு முடிய 1963 ஆயிற்று. முடிவில் ஆற்றை கான்கிரீட் வாய்க்காலில் அடைத்து, இனி நகராதே என்று கட்டளையிட்டார்கள். இயற்கையை எல்லையாக்குவதற்கு அதை முதலில் செயற்கையாக்க வேண்டியிருந்தது. மலையும் விதிவிலக்கல்ல. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையின் சில பகுதிகளில் எல்லை பனியாறுகளின் நீர்ப்பிரிமுகட்டை, அதாவது நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மேட்டை, ஒட்டி ஓடுகிறது. பனி உருகும்போது முகடு இடம் மாறுகிறது. மேட்டர்ஹார்ன் சிகரத்தை ஒட்டிய பகுதியில் எல்லையைத் திருத்த 2023இல் இரு நாடுகளும் உடன்பட்டன.

ஆறு என்பது இரு கரை மக்களையும் சேர்த்து வைக்கும் இடமும்கூட. ஒரே நீரில் மீன் பிடிப்பவர்களையும் ஒரே படகில் சந்தைக்குப் போகிறவர்களையும் பிரிக்க அதைத் தேர்ந்தெடுப்பது வரைபடம் வரைபவரின் வசதிக்காகத்தான்.

ஆகவே எல்லையைப் பற்றிக் கேட்கவேண்டிய நல்ல கேள்வி, அது இயற்கையானதா என்பதல்ல. அங்கே முதலில் வந்தது மக்களா கோடா என்பதுதான். அமெரிக்கப் புவியியலாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் 1930களில் இந்த அடிப்படையில் எல்லைகளை வகைப்படுத்தினார். அவர் சொன்னவற்றில் மூன்று வகைகள் நமக்குப் போதும். மக்கள் பெருமளவில் குடியேறும் முன்பே போடப்பட்டது முன்னெல்லை. குடியேற்றமும் பண்பாடும் வளர்ந்தபின் அவற்றை ஒட்டி வளைந்து வந்தது பின்னெல்லை. இருந்த வாழ்வைப் பொருட்படுத்தாமல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டது திணிக்கப்பட்ட எல்லை.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே 49ஆம் அட்சக்கோட்டில் ஓடும் நீண்ட எல்லையை முன்னெல்லைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஒரு திருத்தத்தோடு அதை ஏற்கலாம்: அது ஐரோப்பியக் குடியேறிகளுக்கு முந்தையது; அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த பூர்வகுடிகளைக் கேட்டால் திணிக்கப்பட்டது என்றே சொல்வார்கள். வகைப்பாடு யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேற்குக் கடற்கரையில் அந்த நேர்கோடு ஒரு தீபகற்பத்தின் முனையை வெட்டிவிட்டது. பாயிண்ட் ராபர்ட்ஸ் என்ற அந்த அமெரிக்கத் துணுக்கிலிருந்து தரைவழியாக அமெரிக்காவின் மற்ற பகுதிக்குப் போகவேண்டுமானால் கனடாவைக் கடந்தாக வேண்டும்.

திணிக்கப்பட்ட எல்லைக்கு ஆப்பிரிக்காவைக் காட்டுவது மரபு. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அமரவில்லை. ஆனால் பெர்லினில் ஒரே நாளில் கேக்கை வெட்டுவதுபோல் கண்டத்தை வெட்டிவிட்டார்கள் என்ற கதை சரியல்ல. அங்கே பங்கிடுவதற்கான விதிகள்தான் பேசப்பட்டன. கோடுகளில் பெரும்பாலானவை அடுத்தடுத்த ஆண்டுகளில் இருதரப்பு ஒப்பந்தங்களில் வந்தவை. அதைவிட ஆர்வமூட்டுவது அதற்குப் பிறகு நடந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் 1964இல் கெய்ரோவில் கூடி, காலனி ஆட்சியாளர் விட்டுச்சென்ற எல்லைகளையே மதிப்பது என்று தீர்மானித்தன. அநியாயமான கோடுகள் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு கோட்டைத் திருத்தத் தொடங்கினால் எதுவும் நிற்காது என்பதும் தெரியும். 1993இல் எரித்ரியாவும் 2011இல் தெற்கு சூடானும் பிரிந்ததைத் தவிர, கண்டத்தின் வரைபடம் பெருமளவு அப்படியே நிற்கிறது.

தெற்காசியாவில் பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்க்ளிஃப் 1947 ஜூலையில் வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தவை சுமார் ஐந்து வாரங்கள். கோடு வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17 அன்று, அதாவது விடுதலைக்குப் பிறகு. தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது தெரியாமலே எல்லையோர மக்கள் விடுதலை நாளைக் கடந்தார்கள்.

செத்துப்போன எல்லைகளும் உண்டு. அவற்றை எச்ச எல்லைகள் என்கிறார்கள். அரசியலில் அவற்றுக்கு மதிப்பில்லை. தரையில் தடம் இருக்கும். செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான காட்டில் பனிப்போர்க் காலத்து மின்வேலி அகற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அங்குள்ள செம்மான்கள் பழைய வேலி இருந்த இடத்தைக் கடக்கத் தயங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். வேலியைப் பார்த்தறியாத தலைமுறை மான்கள் அவை. தாயின் தடத்தைப் பின்பற்றிப் பழகியவை.

வடிவம், துண்டு, கடலின்மை

நாட்டின் வடிவத்தைப் பாடநூல்கள் ஐந்தாகப் பிரிக்கும்: கச்சிதமானது, நீண்டது, சிதறியது, நடுவே ஓட்டையுள்ளது, வால் நீண்டது. போலந்து, சிலி, இந்தோனேசியா, லெசோத்தோவைத் தன்னுள் வைத்திருக்கும் தென்னாப்பிரிக்கா, நமீபியா என்று வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மனப்பாடம் செய்யத் தோதானது. இந்தப் பட்டியலுக்கு இதற்குமேல் மதிப்புத் தர எனக்கு விருப்பமில்லை. கச்சிதமான போலந்தே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைபடத்திலிருந்து முழுதாக மறைந்துபோனது. சுமார் 4,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் சிலி உடையவில்லை.

வடிவம் எப்படி வந்தது என்ற கதைதான் சுவையானது. நமீபியாவின் வடகிழக்கில் நீளும் வாலைப் பாருங்கள். 1890இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி அதைப் பெற்றது. சாம்பேசி ஆற்றை அடைந்து, அதன் வழியே இந்தியப் பெருங்கடலுக்குப் படகு விடலாம் என்ற கணக்கு. அந்த வாலின் முனையைத் தாண்டி, ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே விக்டோரியா அருவி 100 மீட்டருக்கு மேல் பாய்ந்து விழுகிறது. படகுப் பாதை கனவோடு முடிந்தது. சுமார் 450 கிலோமீட்டர் நீளமுள்ள வால் மட்டும் இன்றும் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் கிழக்கே நீளும் வாக்கான் நிலக்கீற்று வேறு காரணத்தால் பிறந்தது. ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடையில் செருகிய துண்டு அது. இப்படி இரு வல்லரசுகளை விலக்கி வைப்பதற்காக நடுவே நிற்கும் பகுதியை இடைத்தாங்கல் என்கிறோம்.

ஒரு நாட்டின் நிலம் இன்னொரு நாட்டால் முழுதும் சூழப்பட்டால் அது நிலத்திட்டு. இதன் உச்சத்தை இந்தியாவும் வங்கதேசமும் வைத்திருந்தன. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 திட்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 திட்டுகள். தஹாலா காக்ராபாரி என்ற வயல்துண்டு இந்தியாவுடையது; அதைச் சூழ்ந்தது வங்கதேச நிலம்; அதைச் சூழ்ந்தது இந்திய நிலம்; அதைச் சூழ்ந்தது வங்கதேசம். கேட்கச் சிரிப்பு வரும். அங்கே வாழ்ந்த 50,000க்கும் மேற்பட்டோருக்கு வரவில்லை. தன் நாட்டின் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டுமானால் அயல்நாட்டைக் கடக்கவேண்டும்; கடக்கத் தேவையான ஆவணம் கொடுக்கும் அலுவலகமும் அக்கரையில்தான். பத்திரத்தில் இறையாண்மை இருந்தது, தெருவிளக்கு இல்லை. 1974இல் பேசி முடித்த பரிமாற்றம் 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் நடைமுறைக்கு வந்தது.

கடலைத் தொடாத நாடுகள் உலகில் 40க்கு மேல் இருக்கின்றன. அவற்றின் சரக்கு ஒவ்வொன்றும் அண்டை நாட்டின் சாலையையும் துறைமுகத்தையும் நல்லெண்ணத்தையும் நம்பியிருக்கிறது. உஸ்பெகிஸ்தானும் லிக்டன்ஸ்டைனும் இன்னும் ஒரு படி மேல்; அவற்றைச் சூழ்ந்த நாடுகளுக்கும் பெருங்கடல் இல்லை. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த பொலிவியா இன்றும் ஒரு கடற்படையை வைத்திருக்கிறது. அது டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் சுற்றி வருகிறது. கடல்வழி குறித்துப் பேச்சுவார்த்தை நடத்தச் சிலி கடமைப்பட்டதல்ல என்று 2018இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்படை கலைக்கப்படவில்லை.

நீரின் மேல் கோடு

கடலை நாடுகள் பங்கிட்டுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். 1982இல் ஏற்கப்பட்டு 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கரையிலிருந்து இரண்டு முக்கியமான தூரங்களை வைத்தது. 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை ஆட்சிக்கடல். அங்கே இறையாண்மை உண்டு. 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்கே மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை உண்டு, இறையாண்மை கிடையாது. பிற நாட்டுக் கப்பல்கள் தாராளமாகப் போகலாம். செய்திகளில் இரண்டையும் ‘கடல் எல்லை’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

ஒரு சிறு பாறைக்கு ஏன் இவ்வளவு சண்டை என்பதற்கு விடை எளிய கணக்கில் இருக்கிறது. நடுக்கடலில் தனித்து நிற்கும் ஒரு புள்ளியைச் சுற்றி 370 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் கிடைக்கும் பரப்பு சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர். அது ஜப்பானின் மொத்த நிலப்பரப்பைவிட அதிகம். ஓதம் ஏறும்போது சில பாறை முனைகள் மட்டுமே தெரியும் ஒகினோடோரிஷிமாவைச் சுற்றி ஜப்பான் கான்கிரீட் கட்டிப் பாதுகாப்பது இதற்காகத்தான். மனித வாழ்வையோ சொந்தப் பொருளாதாரத்தையோ தாங்க முடியாத பாறைக்கு அந்த மண்டலம் கிடையாது என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. ஒகினோடோரிஷிமா தீவா பாறையா என்ற கேள்வியில் சீனாவும் தென்கொரியாவும் ஜப்பானோடு முரண்படுகின்றன. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், ஸ்பிராட்லி திட்டுகள் எதற்கும் இந்த மண்டலத்துக்கான தகுதி இல்லை என்று 2016இல் நடுவர் மன்றம் கூறியது. சீனா அதை ஏற்கவில்லை.

நாட்டுக்குள்ளே

எல்லைக்கு உள்ளேயும் அதிகாரம் ஒரே சீராக இல்லை. ஒற்றையாட்சியில் மையம் கொடுப்பதே வட்டாரத்தின் அதிகாரம். கூட்டாட்சியில் மையமும் மாநிலமும் அரசமைப்பின்படி அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெயரில் ஒன்றும் நடைமுறையில் மற்றொன்றுமாக இருக்கும் நாடுகள் நிறைய என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஒரு நாடு ஏன் உடையாமல் நிற்கிறது? ஹார்ட்ஷோர்ன் 1950இல் இதற்குச் சொன்ன விளக்கம் இயற்பியலிலிருந்து இரண்டு பெயர்களைக் கடன் வாங்கியது: சேர்த்து இழுக்கும் மையநோக்கு விசை, பிரித்துத் தள்ளும் மையவிலக்கு விசை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அரசு ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு எல்லா வட்டாரத்தாரும் ஒப்பும் ஒரு காரணம் வேண்டும் என்றார். 1947இல் உருவான பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கிடையே சுமார் 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் இருந்தது. சமயம் சேர்த்து இழுத்தது. மொழியும், வருவாய்ப் பங்கீடும், 1970ஆம் ஆண்டின் தேர்தல் முடிவை மதிக்காததும் பிரித்துத் தள்ளின. 1971இல் வங்கதேசம் பிறந்தது. தூரம்தான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. அலாஸ்காவுக்கும் மற்ற அமெரிக்காவுக்கும் நடுவே கனடா கிடக்கிறது; அது பிரியவில்லை. தூரம் விசையைக் கூட்டும், உண்டாக்காது.

தலைநகரை இடம் மாற்றுவதும் இந்த விசைகளோடு விளையாடும் ஒரு வழி. பிரேசில் 1960இல் கடற்கரை ரியோவை விட்டு உள்நாட்டுப் பிரேசிலியாவுக்குப் போனது. நைஜீரியா 1991இல் லாகோஸிலிருந்து நாட்டின் நடுவே உள்ள அபுஜாவுக்குப் போனது. சிட்னியும் மெல்பர்னும் விட்டுக்கொடுக்காததால் ஆஸ்திரேலியாவுக்குக் கான்பெரா கிடைத்தது.

தேர்தல் தொகுதிக் கோடுகள் இன்னும் நுட்பமானவை. 25 வாக்காளர், 5 தொகுதிகள், தொகுதிக்கு 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக் கட்சிக்கு 15 பேர், நீலக் கட்சிக்கு 10 பேர். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று சிவப்பு, இரண்டு நீலம் என்று பிரித்தால் ஐந்திலும் சிவப்பே வெல்லும். இப்போது கோட்டை மாற்றுங்கள். இரண்டு தொகுதிகளைச் சிவப்பால் மட்டுமே நிரப்புங்கள். அங்கேயே பத்து வாக்குகள் போய்விட்டன. மீதி ஐந்து சிவப்பை மூன்று தொகுதிகளில் 2, 2, 1 என்று தூவுங்கள். நீலம் 3, 3, 4 என்று மூன்றிலும் வெல்கிறது. ஒருவரும் தன் வாக்கை மாற்றவில்லை, ஒரு கள்ள வாக்கும் விழவில்லை; ஆட்சி மாறிவிட்டது. எதிரியின் வாக்கை ஓரிடத்தில் குவித்து வீணாக்குவது ஒரு முறை; பல இடங்களில் சிதறடித்துத் தோற்கடிப்பது மற்றொரு முறை. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் தந்த தொகுதி வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரைப்போல் வளைந்து கிடந்தது. செய்தித்தாள் ஒன்று ஆளுநரின் பெயரையும் அந்த உயிரின் பெயரையும் ஒட்டிவிட்டது. ஜெரிமாண்டரிங் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

புவிசார் அரசியல் என்ற ஆபத்தான உறவினர்

இந்தத் துறைக்கு வெட்கப்படவேண்டிய ஒரு கிளையும் உண்டு. விலங்கியல் பயின்ற ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் ராட்செல், அரசை வளரும் உயிராகப் பார்த்தார். உயிருக்கு வாழ்வெளி வேண்டும், வலுவான அரசு விரியும் என்றார். ஸ்வீடனின் ருடால்ஃப் செலென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவிசார் அரசியல் என்ற பெயரைத் தந்தார். பிரிட்டனின் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் 1904இல், கடற்படை எட்டமுடியாத யூரேசிய உள்நிலத்தை ரயில்பாதை இணைக்கும்போது உலக வலிமையின் அச்சு அங்கே போகும் என்று வாதிட்டார். அமெரிக்காவின் நிக்கோலஸ் ஸ்பைக்மன் அதைத் திருப்பிப்போட்டு, உள்நிலத்தைச் சுற்றியுள்ள கடலோர விளிம்பே முக்கியம் என்றார்.

வாழ்வெளிக் கருத்தை நாஜி ஜெர்மனி கிழக்கு ஐரோப்பாவில் படையெடுப்புக்கும் படுகொலைக்கும் நியாயமாக எடுத்துக்கொண்டது. அதன்பின் பல்லாண்டு காலம் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரைச் சொல்லவே கூசினார்கள். இன்று தொலைக்காட்சி விவாதங்களில் அது தாராளமாகப் புழங்குகிறது. மலையும் நீரிணையும் அரசுகளின் நடத்தையை முடிவு செய்கின்றன என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த அரசின் எந்தத் திட்டத்துக்கு அந்த விளக்கம் உதவுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நிலம் வாய்ப்புகளைத் தருகிறது. முடிவை மனிதர் எடுக்கிறார்கள்.

எல்லை இல்லாத இடத்தில் எல்லை

வரைபடத்தில் கோடு இருக்கும் இடத்தில்தான் எல்லை செயல்படுகிறது என்பதும் இப்போது பழைய நினைப்பு. 1985இல் தொடங்கிய ஷெங்கன் ஏற்பாட்டால் ஐரோப்பாவின் பல எல்லைகளில் கடவுச்சீட்டைப் பார்க்க ஆளில்லை. அதேவேளையில் அயர்லாந்தின் டப்ளின் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் அமர்ந்து அமெரிக்காவுக்குள் நுழையும் சோதனையை முடித்துவிடுகிறார்கள்; விமானம் இறங்கும்போது பயணி உள்நாட்டிலிருந்து வந்தவர்போல வெளியே நடக்கலாம். ஆஸ்திரேலியா 2001இல் தன் கிறிஸ்மஸ் தீவையும் வேறு சில தீவுகளையும் குடியேற்றச் சட்டத்தின் பொருட்டு நாட்டிலிருந்து விலக்கியது. படகில் வந்து அங்கே கரையேறும் புகலிடம் தேடுவோர், அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்கள் அல்லர். 2013இல் பெருநிலத்தையும் அதே பட்டியலில் சேர்த்தது. ஒரு பிடி மண்ணும் கைமாறாமல், எல்லை மட்டும் ஆளைப் பார்த்து இடம் மாறியது.

மறுமுனையில், நிலமே போய்விடும் நிலையில் துவாலு இருக்கிறது. பசிபிக்கின் தாழ்ந்த பவளத் தீவுகளான அது, கடல் ஏறித் தன் நிலம் இழந்தாலும் தன் அரசு நிரந்தரமாகத் தொடரும் என்று 2023இல் அரசமைப்பில் எழுதிக்கொண்டது. மான்டிவிடியோ கேட்ட ‘வரையறுக்கப்பட்ட ஆட்சிப்பரப்பு’ நீருக்கடியில் போனால் அரசு என்ன ஆகும்? 2025 ஜூலையில் காலநிலை குறித்த ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் இதைத் தொட்டது: ஒருமுறை அமைந்துவிட்ட அரசு, அதன் கூறுகளில் ஒன்று மறைந்ததாலேயே அரசுத் தகுதியை இழந்துவிடும் என்று கொள்ளவேண்டியதில்லை. அந்த அரசைச் சுற்றியுள்ள 200 கடல் மைல் மீன்பிடி உரிமையை எந்தக் கரையிலிருந்து அளப்பது என்பதில், கடல் ஏறினாலும் ஏற்கெனவே பதிவுசெய்த கோடுகளை மாற்றப்போவதில்லை என்று பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்கள் 2021இலேயே அறிவித்துவிட்டார்கள்.